வாய்க்குண்டேற்றத் துப்பாக்கிக் கைவினை

வாய்க்குண்டேற்றத் துப்பாக்கிக் கைவினை என்பது, குழலின் முன்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடப்படும் பழைய வகைத் துப்பாக்கிகளைக் கையால் செய்யும் தொழில் ஆகும். தொழிற்சாலைகள் பெருகும் முன்னர் இது கொல்லர், தச்சர், வார்ப்பு வேலை செய்வோர் ஆகிய பலரின் திறன்கள் ஒன்றுகூடிய தொழிலாக இருந்தது. பட்டறையில் ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கைமாறி வந்த இவ்வறிவு, 19ஆம் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளில் அறுபட்டது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இக்கைவினை திரைப்படம், நூல், பயிற்சி வகுப்பு, ஒளிப்பேழை ஆகியவற்றின் துணையுடன் மீட்டெடுக்கப்பட்டது. தமிழகத்தில் நிலைமை வேறு. இந்தியாவில் உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வது கடுங்குற்றம் ஆகும். எனவே காணொளி பார்த்து இதனைக் கற்கலாம் என்ற எண்ணம் இங்கு ஒருவரைச் சிறைக்கோ விபத்துக்கோ இட்டுச் செல்லக் கூடியது. இக்கட்டுரை இக்கைவினையின் வரலாற்றையும், அது கைமாறிய வழிகளையும், காணொளிவழிக் கற்றலின் எல்லைகளையும் விளக்குகிறது. செய்முறை விளக்கம் இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

பெயர்

துப்பாக்கி என்ற தமிழ்ச் சொல் துருக்கி மொழியிலிருந்து வந்ததாகும். இலங்கைத் தமிழில் வழங்கும் துவக்கு என்ற சொல்லும், சிங்களத்தில் வழங்கும் துவக்குவ என்ற சொல்லும் இதே மூலத்தைச் சேர்ந்தவை. தமிழகத்தில் வாய்க்குண்டேற்றத் துப்பாக்கிகள் பொதுவாக நாட்டுத் துப்பாக்கி எனப்படுகின்றன. எனினும் செய்தித்தாள்களில் நாட்டுத் துப்பாக்கி என்ற சொல், உரிமம் இன்றிச் செய்யப்பட்ட எல்லா வகைத் துப்பாக்கிகளையும் குறிக்கப் பயன்படுகிறது. இதனால் குழப்பம் நேர்வது உண்டு. உரிமம் பெற்ற வாய்க்குண்டேற்றத் துப்பாக்கிகளும் உள்ளன; உரிமம் அற்ற பின்வாய்த் துப்பாக்கிகளும் உள்ளன.

அமைப்பு

இவ்வகைத் துப்பாக்கியின் முதன்மை உறுப்புகள் மூன்று.

குழல்: இரும்பால் ஆனது. அடிப்பகுதி உறுதியாக அடைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் தீ உட்புகச் சிறு துளை இருக்கும்.

இயக்கி: விசையை இழுத்தவுடன் வெடிமருந்துக்குத் தீயைக் கொண்டு சேர்க்கும் பொறியமைப்பு.

கட்டை: குழலையும் இயக்கியையும் தாங்கும் மரப்பகுதி. இதன் பின்முனை தோளில் அல்லது கன்னத்தின் அருகில் பொருந்தும்.

இவற்றுடன் மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளுவதற்கான கோல் ஒன்று குழலின் அடியில் செருகப்பட்டிருக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையான கருமருந்து இதன் எரிபொருள் ஆகும். ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் மீண்டும் மருந்திட்டு நிரப்ப வேண்டும் என்பதால் சுடும் வேகம் குறைவு.

இயக்கியின் வளர்ச்சியைக் கொண்டு இத்துப்பாக்கிகள் வகைப்படுத்தப்படுகின்றன.

திரி இயக்கி: 15ஆம் நூற்றாண்டில் தோன்றியது. கனலும் திரி ஒன்று விசையை இழுக்கும்போது மருந்தைத் தொடும். மழையில் பயனற்றது.

சக்கர இயக்கி: 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றியது. சுழலும் சக்கரம் பொறியை உண்டாக்கும். விலை மிகுதி என்பதால் பரவலாகவில்லை.

தீக்கல் இயக்கி: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருப்பெற்றது. சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி எழுப்பும். இரு நூற்றாண்டுகள் படைகளில் நிலைத்தது.

வெடிமூடி இயக்கி: இசுக்காட்லாந்தைச் சேர்ந்த மதகுருவான அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்தது. தட்டினால் வெடிக்கும் சிறு மூடி தீயை உண்டாக்கும்.

குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது மசுக்கெட்டு எனவும், திருகு வடிவில் புரிகள் வெட்டப்பட்டிருந்தால் அது ரைபிள் எனவும் பெயர் பெறும். புரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகச் செல்லும். குறி தப்புவது குறையும். புரி வெட்டுவதே இக்கைவினையின் நுட்பமான பகுதி எனலாம்.

இந்தியாவில் துப்பாக்கிக் கைவினை

திரித் துப்பாக்கிகள் தென்னிந்தியக் கடற்கரையில் பரவியதில் போர்த்துக்கீசருக்குப் பெரும் பங்கு உண்டு. 1510இல் அவர்கள் கைப்பற்றிய கோவா, துப்பாக்கித் தொழிலின் மையங்களுள் ஒன்றாயிற்று. அங்கு உருவான வடிவம் மலபார், இலங்கை, தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவியது.

முகலாயப் பேரரசர் அக்பரின் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய ஆயினி அக்பரி, இந்தியத் துப்பாக்கிக் கைவினையைப் பற்றிய முதன்மையான எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாகும். முன்னர் இரும்புத் தகட்டைத் தட்டையாக்கி ஓரங்களை இணைத்துக் குழல் செய்தனர் என்றும், அத்தகைய குழலில் கால் பங்குக்கு மேல் மருந்து நிரப்ப இயலவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. பின்னர் இரும்பைச் சுருட்டி அடுக்கடுக்காக இணைக்கும் முறை வந்த பின் வலிமை கூடியது. மாட்டின் விசையால் பதினாறு குழல்களை ஒரே நேரத்தில் துப்புரவு செய்யும் சக்கரம் ஒன்றும் இதில் விவரிக்கப்படுகிறது. துப்பாக்கியின் மீது செய்தவர் பெயர், செய்த இடம், நாள், இரும்பின் எடை போன்றவை பொறிக்கப்பட்டன. ஒவ்வொரு கருவிக்கும் ஒருவர் பொறுப்பேற்கும் ஒழுங்கு அங்கு நிலவியதை இது காட்டுகிறது.

18ஆம் நூற்றாண்டில் மைசூரின் திப்பு சுல்தான், பிரெஞ்சுக் கைவினைஞர் துணையுடன் சீரங்கப்பட்டணம், நகர் முதலிய இடங்களில் பட்டறைகளை நடத்தினார். அங்கு செய்யப்பட்ட தீக்கல் துப்பாக்கிகள் புலிவரி அலங்காரத்திற்குப் பெயர் பெற்றவை. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் இவற்றுள் பல இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. வட இந்தியாவில் வங்க நவாப் மீர் காசிம் 1760களில் படைக்கலத் தொழிலை வளர்த்த முங்கேர் நகரம் இன்றும் துப்பாக்கித் தொழிலுக்கு அறியப்படுகிறது.

தமிழகத்தில்

பாளையக்காரர்களின் படைகளில் ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றுடன் திரித் துப்பாக்கிகளும் இருந்தன. சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1759 பிப்ரவரி 9 அன்று ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த போர், தீக்கல் துப்பாக்கிகள் ஏந்திய படைகளின் போராகும். இன்றைய அனகாபுத்தூர், பம்மல் ஆகிய ஊர்களுக்கு அடுத்துள்ள பல்லாவரத்தில் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாம் அமைந்தது. கம்பெனியின் சிப்பாய்கள் ஏந்திய இந்தியா பாணி மசுக்கெட்டின் குழல் ஏறத்தாழ 99 செ.மீ. நீளமும் 19 மி.மீ. உள்விட்டமும் உடையது. அவை இங்கிலாந்தில் ஒரே அளவில் பெருமளவாகச் செய்யப்பட்டவை. உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் படைச்சந்தை சுருங்கியதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் அரசாணை. பாளையக்காரர் போர்கள் முடிவுற்றதும், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு கட்டளையிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1857 எழுச்சிக்குப் பின் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், துப்பாக்கி செய்யவும் விற்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை என விதித்தது. 1887இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டில் இச்சட்டத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. எனினும் சட்டம் விடுதலைக்குப் பின்னும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை நீடித்தது.

இவற்றுக்குப் பின் தமிழகத்தில் இத்துப்பாக்கிகள் முதன்மையாக இரு பயன்களுக்காக எஞ்சின. ஒன்று, காட்டுப்பன்றி போன்ற விலங்குகளிடமிருந்து பயிரைக் காப்பது. மற்றொன்று, நரிக்குறவர் சமூகத்தினரின் சிறுவேட்டை. வாக்ரிபோலி மொழி பேசும் இச்சமூகத்தினர் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடி வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைத் தொழிலுக்கு முடிவு கட்டியது. ஊசிமணி, பாசிமணி விற்பனையே பலருக்கு வாழ்வாதாரமாயிற்று. இச்சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கான சட்டமுன்வரைவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

அண்டைப் பகுதியான குடகில் நிலைமை மாறுபட்டது. குடகர்களுக்கு ஆங்கிலேயர் காலம் முதல் படைக்கல உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. இந்திய அரசு 2019இல் இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. கைல்போத் எனும் திருவிழாவில் அவர்கள் துப்பாக்கிகளை வைத்து வழிபடுகின்றனர். விலக்கு வைத்திருப்பதற்கே அன்றிச் செய்வதற்கு அன்று என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கையில்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் வந்தபின் இலங்கையர் துப்பாக்கித் தொழிலை விரைவாகக் கற்றுத் தேர்ந்தனர். கண்டி அரசின் துப்பாக்கிகளுள் பலவற்றில் இயக்கி இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். கட்டையின் பின்முனை இரண்டாகப் பிளந்த வடிவில் இருக்கும். தந்தம், வெள்ளி வேலைப்பாடுகளும் காணப்படும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட பொருட்களுள் ஆறினை நெதர்லாந்து அரசு 2023 டிசம்பரில் இலங்கையிடம் திருப்பி அளித்தது. அவற்றுள் லெவ்கேயின் பீரங்கியும் மகாதுவக்கு எனப்படும் இரு பெருந்துப்பாக்கிகளும் அடங்கும். செய்தவர்கள் மறைந்த பின், அவர்தம் திறனுக்குச் சான்றாகப் பொருள் மட்டுமே எஞ்சுகிறது என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

அறிவு கைமாறும் விதம்: ஜப்பானின் படிப்பினை

ஒரு பொருளைப் பார்த்து மட்டும் அதன் செய்முறையை அறிய முடியுமா என்ற கேள்விக்கு ஜப்பானிய வரலாறு தெளிவான விடை தருகிறது. 1543இல் தனெகாசிமா தீவில் கரையொதுங்கிய போர்த்துக்கீசரிடம் அத்தீவின் தலைவர் இரு திரித் துப்பாக்கிகளை வாங்கினார். அவற்றைப் போலச் செய்யுமாறு வாள் செய்யும் கொல்லர் ஒருவரைப் பணித்தார். ஜப்பானிய வாட்கொல்லர்கள் இரும்பு வேலையில் உலகின் தலைசிறந்தவர்களுள் அடங்குவர். குழலின் வெளித்தோற்றத்தை அவர் செய்துவிட்டார். ஆனால் அதன் அடிப்பகுதியை மரை கொண்ட திருகால் அடைக்கும் முறை அவருக்கு விளங்கவில்லை. மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த கொல்லர் ஒருவர் நேரில் கற்றுத்தந்த பின்னரே வேலை முழுமை பெற்றது. 1606இல் எழுதப்பட்ட தெப்போகி என்ற நூல் இதனைக் கூறுகிறது.

மாதிரி கையில் இருந்தும், கைத்திறன் நிறைந்திருந்தும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதி பணியைத் தடுத்தது. வெடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்குவதும் அதே பகுதிதான்.

அமெரிக்காவில் மீட்டெடுப்பு

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியக் கைவினைஞர்கள் தம் நாட்டு வேட்டை ரைபிளிலிருந்து நீண்ட குழல் கொண்ட ஒரு வடிவத்தை உருவாக்கினர். இது நீள்ரைபிள் அல்லது கென்டக்கி ரைபிள் எனப்படுகிறது. சுருள்வரி கொண்ட மேப்பிள் மரக்கட்டையும் பித்தளை வேலைப்பாடும் இதன் அடையாளங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைத் துப்பாக்கிகள் இதனை வழக்கொழியச் செய்தன.

மீட்டெடுப்பின் முதன்மையான கட்டங்கள் பின்வருமாறு:

1933: தேசிய வாய்க்குண்டேற்ற ரைபிள் சங்கம் தோன்றியது. இதன் தலைமையிடம் இந்தியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்சிப் என்ற ஊர்.

1960கள்: வர்சீனியாவின் வில்லியம்சுபர்க்கு அருங்காட்சியக நகரில் வாலசு கசுலர் என்பவர் 18ஆம் நூற்றாண்டுக் கருவிகளையும் முறைகளையும் மட்டும் கொண்டு முழு ரைபிளைச் செய்யும் பட்டறையை நடத்தினார்.

1969: கசுலரின் பணியை ஏறத்தாழ ஒரு மணி நேர ஆவணப்படமாக அந்நிறுவனம் வெளியிட்டது. வில்லியம்சுபர்க்கின் துப்பாக்கிக் கொல்லர் என்பது இதன் பெயரின் பொருள். தொலைக்காட்சிச் செய்தியாளர் டேவிட் பிரிங்லி இதற்குக் குரல் கொடுத்தார்.

1979: ஜோர்ஜியா மாநிலப் பள்ளி மாணவர்கள் முதியோரைச் செவ்வி கண்டு தொகுத்து வந்த ஃபாக்சுஃபயர் வரிசையின் ஐந்தாம் தொகுதி, இரும்பு வேலையையும் தீக்கல் ரைபிளையும் விரிவாகப் பதிந்தது.

1969ஆம் ஆண்டுப் படம் இரும்புப் பட்டையில் தொடங்கி முடிவுற்ற ரைபிள் வரை ஒவ்வொரு கட்டத்தையும் காட்டுகிறது. உலையில் இணைத்தல், துளையிடல், புரி வெட்டல், அரம் கொண்டு இயக்கியின் உறுப்புகளைச் செய்தல், பித்தளை வார்த்தல், மரம் செதுக்கல் என ஒரே மனிதர் பல தொழில்களைச் செய்வதை அதில் காணலாம். இதன் பின் ஒளிப்பேழைகளும் குறுவட்டுகளும் பெருகின.

அமெரிக்காவில் இது சாத்தியமானதற்குச் சட்டமும் காரணம். அங்குள்ள 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழங்காலத் துப்பாக்கிகளையும் அவற்றின் படிகளையும் பொதுவாகத் தன் வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. கசுலரும் அவர் தலைமுறையினரும் படம் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய ரைபிள்களை ஆராய்ந்தும், மலைப்பகுதி முதியோரிடம் கேட்டும் கற்றவர்கள். பின்வந்தோரும் காணொளியுடன் ஆண்டுதோறும் நடக்கும் நேரடிப் பயிற்சி வகுப்புகளையும் சார்ந்தனர்.

காணொளியின் திறனும் எல்லையும்

காணொளி நூலை விடச் சில வகைகளில் சிறந்தது. கையின் அசைவு, கருவியைப் பிடிக்கும் கோணம், வேலையின் வரிசை ஆகியவற்றை அது நேராகக் காட்டும். மீண்டும் மீண்டும் பார்க்கலாம். ஆசான் இல்லாத ஊரிலும் பார்க்கலாம்.

ஆனால் சிலவற்றை அது தர இயலாது.

பழுக்கக் காய்ந்த இரும்பின் நிறம் நிழற்படக் கருவிக்கும் திரைக்கும் ஏற்ப மாறித் தெரியும். கொல்லர் உலையடியில் கண்ணால் அறியும் நிறத்தைத் திரை உண்மையாகக் காட்டுவதில்லை.

அரத்தின் உராய்வு, சுத்தியின் ஓசை, மரத்தின் எதிர்ப்பு ஆகியவை கையால் உணர வேண்டியவை.

இணைப்பின் உள்ளே இருக்கும் வெடிப்பும் கசடும் வெளியே தெரியாது. செய்பவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

மாணவனின் பிழையைக் காணொளி பார்ப்பதில்லை. நிறுத்து என்று சொல்லும் ஆசான் அங்கு இல்லை.

கடைசி இரண்டும் உயிரைப் பற்றியவை. 1460இல் இசுக்காட்லாந்து மன்னர் இரண்டாம் யேம்சு, அருகில் நின்ற பீரங்கி வெடித்துச் சிதறியதால் இறந்தார். இத்தகைய விபத்துகளைத் தவிர்க்கவே ஐரோப்பாவில் சோதனைச்சாலைகள் தோன்றின. இலண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் நிறுவப்பட்டது. குழல் ஒவ்வொன்றும் வழக்கத்தினும் மிகையான மருந்திட்டுச் சோதிக்கப்பட்டு, தாங்கியவற்றுக்கு மட்டும் முத்திரை இடப்பட்டது. திறமை மிக்க கொல்லர் செய்த குழலையும் வெளியார் ஒருவர் சோதிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. காணொளியில் கற்றுத் தனியே செய்பவருக்கு இப்பாதுகாப்பு இல்லை.

இந்தியச் சட்டநிலை

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முதன்மைக் கூறுகள்:

பிரிவு 5: உரிமம் இன்றித் துப்பாக்கி செய்தல், விற்றல், பழுதுபார்த்தல் ஆகியவற்றைத் தடை செய்கிறது.

பிரிவு 13: நேர்மையான பயிர்ப்பாதுகாப்புத் தேவைக்கு வாய்க்குண்டேற்றத் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வழங்க வழி செய்கிறது.

பிரிவு 25: தண்டனைகளைக் கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமம் இன்றிச் செய்வதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுகள் முதல் வாழ்நாள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

பழைய முறைத் துப்பாக்கி, பொழுதுபோக்கு, கல்வி போன்ற காரணங்கள் உரிமம் இன்றிச் செய்வதற்கு விலக்கு அளிப்பதில்லை. அமெரிக்கக் காணொளியில் சட்டத்திற்கு உட்பட்டுச் செய்யப்படும் அதே செயல் தமிழகத்தில் குற்றமாகும். இவ்வேறுபாட்டை அக்காணொளிகள் இந்தியப் பார்வையாளருக்குச் சொல்வதில்லை.

2022 மே மாதத்தில் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் கைத்துப்பாக்கிகளுடன் இளைஞர் இருவர் பிடிபட்டனர். இணையக் காணொளிகளைப் பார்த்து அவற்றைச் செய்ததாகக் காவல்துறை தெரிவித்தது. வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது. யூடியூப் நிறுவனம் 2018 மார்ச்சில் துப்பாக்கி செய்யும் முறையைக் கற்பிக்கும் காணொளிகளைத் தடை செய்யும் விதிகளை அறிவித்திருந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற மாவட்டங்களின் மலைக்கிராமங்களில், உரிமம் அற்ற நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. ஒப்படைக்கப்படுபவற்றுள் மூதாதையர் வழி வந்தவையும் இருக்கக் கூடும். அவற்றைச் செய்தவர் யார், எந்தப் பட்டறையில் செய்தார் என்ற செய்தி அத்துடன் மறைந்துவிடுகிறது.

ஆவணப்படுத்தல்

கைவினையைத் தொடர்வது வேறு. அதைப் பற்றிய அறிவைக் காப்பது வேறு. முதலாவதற்குத் தமிழகத்தில் சட்டம் இடந்தருவதில்லை. இரண்டாவதற்குத் தடை ஏதும் இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய படைக்கலங்களைக் காணலாம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் கண்டிக் காலப் படைக்கலங்கள் உள்ளன.

கொல்லர் குடும்பங்களிலும், நரிக்குறவர் குடியிருப்புகளிலும், மலையூர்களிலும் உள்ள முதியோரிடம் கருவிகளின் பெயர்கள், உறுப்புகளுக்கு வழங்கிய சொற்கள், பட்டறைகள் இருந்த இடங்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவது மொழிக்கும் வரலாற்றுக்கும் பயன் தரும். ஃபாக்சுஃபயர் மாணவர்கள் செய்ததும் இத்தகைய பணியே. உலை, அரம், வார்ப்பு, மரவேலை ஆகிய அடிப்படைத் திறன்களைக் கற்க விரும்புவோர் உழவுக்கருவி, பூட்டு, கதவு வேலைப்பாடு போன்றவற்றின் வழியாகச் சட்டத்திற்கு உட்பட்டே கற்கலாம். நீள்ரைபிள் செய்த கொல்லர் பலரும் இப்பொருட்களையும் செய்தவர்களே.

இவற்றையும் பார்க்கவும்

பாளையக்காரர் போர்கள்
வளரி
மைசூர் ஏவுகணை
கண்டி இராச்சியம்
நரிக்குறவர்
ஆயினி அக்பரி